பிலாக்சிக் குயவரின் கசங்கிய பானைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் அமெரிக்கக் குயவர் ஜார்ஜ் ஓர் (George Ohr, 1857–1918) பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். மட்கலத் தொழிலைக் கற்பிப்பதிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்த எனக்கு, அந்த மனிதரின் பெயரைத் தமிழ் நாளிதழ் ஒன்றில் அச்சில் பார்த்தது பெரிய மகிழ்ச்சி. அவருடைய நீண்ட மீசையையும், ஐந்து மாடி மரக் கோபுரத்தையும், கடை வாசலில் அவர் மாட்டிய குறும்பான பலகைகளையும் கட்டுரையாளர் சுவைபட எழுதியிருக்கிறார். ஆயினும் அவருடைய பானைகளைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில், சக்கரத்தில் தவறிப்போய்க் கசங்கிய பானைகளைக்கூட எறிய மனமில்லாமல் சூளையில் வைத்துச் சுட்டு அவற்றைக் கலை என்று அவர் அறிவித்துக்கொண்டார் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. இந்த ஒரு வரியை மறுத்துத்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது; தொழில் பற்றிய செய்தி என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

ஓர் முதலில் கைதேர்ந்த சக்கரக் குயவர். ‘பைத்தியக்காரக் குயவர்’ என்ற பெயர் பின்னால் வந்தது, அதிலும் பாதி அவரே சூட்டிக்கொண்டது. மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய பிலாக்சி நகரில், ஐரோப்பாவின் அல்சேஸ் பகுதியிலிருந்து குடியேறிய ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். இளமையில் எந்த வேலையிலும் அவர் தரிக்கவில்லை. தந்தையின் உலைக்களத்தில் இரும்படித்தார், நியூ ஆர்லியன்ஸில் கப்பல்களுக்குச் சரக்கு விற்கும் கடையில் பணியாளாக இருந்தார், கடலுக்கும் போய்ப் பார்த்தார். 1879-ல் குடும்ப நண்பரான ஜோசப் மேயர் என்ற குயவர் நியூ ஆர்லியன்ஸுக்கு அழைத்துத் தொழில் கற்றுக்கொடுத்தார். சக்கரத்தைக் கண்டதும் தண்ணீரைக் கண்ட காட்டு வாத்துபோல உடம்பெல்லாம் உணர்ந்ததாக ஓர் பிற்பாடு எழுதினார். இந்த வாசகம் எங்கும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. இதற்கு அடுத்து அவர் செய்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஒரு மண் உருண்டையை ஒரு கேலன் சாடியாக்கும் அளவுக்குக் கை வந்ததும், அவர் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பதினாறு மாநிலங்களைச் சுற்றி, கண்ணில் பட்ட குயவர்களையும் பட்டறைகளையும் எடை போட்டுப் பார்த்தார். அக்கால அமெரிக்காவில் மண்ணில் என்னென்ன செய்யப்பட்டதோ அவ்வளவையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் அவர் பிலாக்சிக்குத் திரும்பினார் என்று சொல்லலாம்.

திரும்பியபோது கையிலிருந்த பணம் 26 டாலர் 80 சென்ட். அதை வைத்துக்கொண்டு பட்டறையை அவரே எழுப்பினார். பைன் மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து பலகையாக அறுத்தார், சூளையைக் கட்டினார், சக்கரத்துக்கான இரும்பு வேலை முழுவதையும் தாமே செய்துகொண்டார். கொல்லன் மகனுக்கு அது புதிதில்லை. மண்ணை சூடகபஃபா என்ற ஆற்றங்கரையில் தோண்டிப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார். அந்தப் பெயருக்கு அப்பகுதிப் பூர்வகுடிகளின் மொழியில் ‘உடைந்த பானை’ என்று பொருள் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டாலே அவர் அங்கே போகாமல் இருந்திருக்க முடியாது என்று தோன்றுகிறது.

அன்றைய அமெரிக்கக் கலை மட்கலப் பட்டறைகள் இயங்கிய விதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சின்சினாட்டியில் 1880-ல் தொடங்கிய ரூக்வுட் பட்டறையிலும், நியூ ஆர்லியன்ஸில் 1895-ல் தொடங்கிய நியூகோம் கல்லூரிப் பட்டறையிலும் வனைபவர் ஒருவர், அதன்மேல் ஓவியம் தீட்டுபவர் வேறொருவர். தீட்டியவரின் பெயர்தான் பெரிதாகப் பேசப்பட்டது. வனைந்தவர் கூலியாள்போல் பின்னால் நின்றார். ஓருக்குக் குருவாக இருந்த அதே மேயர்தான் நியூகோமில் பெண் கலைஞர்கள் அலங்கரிப்பதற்காகப் பல ஆண்டுகள் வனைந்து தந்தார். ஓரோ மண் வெட்டுவது முதல் சூளையைப் பிரிப்பது வரை எல்லாவற்றையும் தாமே செய்தார். பானையின் மேல் அவர் பூ வரையவில்லை, பறவை வரையவில்லை. அலங்காரம் என்று ஒன்று இருந்தால் அது பானையின் சுவரே வளைந்தும் மடிந்தும் தருவதாக இருந்தது. சக்கரத்தில் அமர்ந்தவனின் கையே அங்கே முழுப் படைப்புக்கும் பொறுப்பு.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரையாளரின் அந்த வரி பிழையாவது இங்கேதான்.

சக்கரத்தில் ஒரு பானை தானாகக் கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்பது ஆறு மாதம் பழகிய எந்த மாணவனுக்கும் தெரியும். மண் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், சுவர் ஒரு புறம் தடித்தும் மறு புறம் மெலிந்தும் எழும்பும், மெலிந்த பக்கம் தண்ணீரைக் குடித்துத் தளர்ந்து உட்காரும், வாய் கோணும், கடைசியில் அடிப்பாகத்தில் சேறும் மேலே கிழிசலுமாக ஒரு குவியல் மிஞ்சும். அப்படிச் சரிந்ததற்கு எந்த ஒழுங்கும் இருக்காது. அதைச் சுட்டால் தடித்த இடமும் மெலிந்த இடமும் வெவ்வேறு வேகத்தில் காய்ந்து சுருங்குவதால் பெரும்பாலும் சூளையிலேயே பிளக்கும்.

ஓருடைய பானைகளைப் பாருங்கள். அவற்றில் முறுக்கு இருக்கிறது. அந்த முறுக்கு பானையைச் சுற்றிலும் ஒரே சீராகச் சாய்ந்த மடிப்புகளாக, ஈரத் துணியைப் பிழியும்போது விழும் மடிப்புகளைப்போல ஓடுகிறது. வாய் அலையலையாகக் கொசுவப்பட்டிருக்கிறது. அந்தக் கொசுவங்கள் சேலைக் கொசுவம்போல அளவு பார்த்து எடுத்தவையாக இருக்கின்றன. சில கலங்களில் நடுப்பகுதி உள்வாங்கி இரண்டாக மடிந்து, மேற்பாதி மறுபடியும் நிமிர்ந்து நிற்கிறது. இவ்வளவுக்கும் பிறகு சுவர் அநேகமாக முட்டை ஓட்டைப்போல மெல்லியதாக இருக்கிறது. உயர்ந்த வெப்பத்தில் சுடப்படும் பீங்கானில் இந்த மெல்லிமை வியப்பில்லை. ஓர் பயன்படுத்தியதோ குறைந்த வெப்பத்தில் சுடப்படும் சாதாரண ஆற்று மண். அந்த மண்ணில், சக்கரத்தின் மேல், கையால் இவ்வளவு மெல்லிதாகச் சுவர் இழுத்தவர்கள் மிகச் சிலரே என்று தொழில் அறிந்தவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

முறுக்கு எப்படி விழுகிறது? முதலில் சுவர் அடி முதல் வாய் வரை ஒரே கனத்தில் இருக்க வேண்டும். எங்காவது மயிரிழை மெலிந்திருந்தால் முறுக்கு விசை முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்து கிழித்துவிடும். இரண்டாவதாக, பதம். வனைந்த உடனே முறுக்கினால் ஈரச் சுவர் உட்கார்ந்துவிடும். சற்று அதிகம் காயவிட்டால் மடிப்பின் முதுகில் வெடிப்பு ஓடும். இந்த இரண்டுக்கும் நடுவில் சிறிது நேரமே மண் ‘சொன்னபடி’ கேட்கும். அன்றைய காற்றையும் வெயிலையும் பொறுத்து அந்த நேரம் கூடும், குறையும். அந்த நேரத்தில் வாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அடியைச் சிறிது திருப்ப வேண்டும். உள்ளே மறு கை தாங்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதை விரல்தான் சொல்ல வேண்டும், கண்ணால் பார்த்து முடிவு செய்வதற்குள் காரியம் கெட்டுவிடும். இதை முடித்துவிட்டு, பிறகு சூளையில் குவார்ட்ஸ் மணல் திடீரென்று விரிந்து சுருங்கும் 573 பாகை செல்சியஸ் கட்டத்தை அந்த மடிப்புகள் வெடிக்காமல் கடக்கும்படி நெருப்பை நிதானமாக ஏற்றி இறக்க வேண்டும். அதுவும் வெப்பமானி இல்லாமல், தீயின் நிறத்தைப் பார்த்து.

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஓருடைய குவளை ஒன்றின் படத்தை ஒரு தொழில் இதழில் பார்த்துவிட்டு, வகுப்பு முடிந்த மாலைகளில் அதேபோல ஒன்றை வனைய முயன்றேன். மின்சாரச் சக்கரம், அரைத்துச் சலித்து மெஷினில் பிசைந்த களிமண், நல்ல வெளிச்சம் என எல்லா வசதியும் இருந்தது. ஒன்பது குவளைகள் சரிந்தன. பத்தாவதைத் தொடப்போனபோது, பட்டறையில் வனையும் பணியில் இருந்த பெரியவர் பக்கத்தில் வந்து நின்று சுவரை ஒருமுறை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “பதம் வரலைங்க சார், மதியச் சாப்பாட்டுக்கு மண்ணும் படுத்து எந்திரிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவர் சொன்னபடி காத்திருந்து முறுக்கினேன்; நின்றது. ஆனால் என் குவளையின் சுவர் ஓருடையதைப்போல மூன்று மடங்கு கனம். அதனால்தான் நின்றது என்பதும் எனக்குத் தெரியும்.

தவறிய பானைகளைச் சுட்டார் என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். ஓரே அதற்கு வழி செய்துவிட்டார் என்று தோன்றுகிறது. 1894 அக்டோபர் 12 அன்று பிலாக்சி நகரின் பெரும்பகுதியை எரித்த தீயில் அவருடைய பட்டறையும் எரிந்துபோனது. சாம்பலைக் கிளறி, கருகி உருக்குலைந்த பானைகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றை ‘எரிந்த குழந்தைகள்’ என்று சொல்லிக் கடைசிவரை தம்மோடு வைத்திருந்தார். பானைகளைத் தம் ‘மண் குழந்தைகள்’ என்று அழைப்பது அவர் வழக்கம். ஆக, கெட்டுப்போன பானைகளை அவர் வைத்திருந்தது உண்மை. ஆனால் அவை தீயில் கெட்டவை; சக்கரத்தில் கெட்டவை அல்ல. அவற்றை அவர் விற்பனைக்கு வைத்ததாகவும் தெரியவில்லை. நான் பார்த்தவரை, இந்தத் தீ விபத்துக்குப் பிறகு எழுப்பிய புதிய பட்டறையில்தான், ஏறத்தாழ 1895 முதல் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், அவருடைய மிகத் துணிச்சலான கலங்கள் வந்தன. தீதான் அவரை மாற்றியது என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு உறுதியாகப் படவில்லை. 1884–85-ல் நியூ ஆர்லியன்ஸ் பருத்திக் கண்காட்சியிலேயே அறுநூறுக்கும் மேற்பட்ட கலங்களை, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்று சொல்லி அடுக்கியவர் அவர். அவற்றை ஊருக்குக் கொண்டுவர அமர்த்திய ஆள் அத்தனையையும் திருடிக்கொண்டு போய்விட்டதால் அவை எப்படி இருந்தன என்று இன்று பார்க்க முடியாது. இருந்தும் ‘ஒன்றைப்போல் ஒன்று இல்லை’ என்ற பிடிவாதம் தீக்குப் பத்தாண்டு முன்பே அவரிடம் இருந்தது. அவருடைய பெயரே தமிழில் ‘ஒன்று’ என்று பொருள்படுவது தற்செயல்தான். ஆனாலும் தமிழ் வாசகன் அதைக் கண்டு ஒரு கணம் சிரிக்காமல் இருக்க முடியாது.

அந்தச் சிரிப்புக்கு அவரே இடம் கொடுப்பார். பெயரை வைத்து விளையாடுவதில் அவருக்கு இணையில்லை. ஜார்ஜ் எட்கர் ஓர் என்ற தம் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ‘ஜியோ’ ஆவதைக் கண்டு, பிள்ளைகளுக்கும் அவ்வாறே லியோ, குளோ, ஓட்டோ, ஃபுளோ, ஓஜோ என்று வைத்தார். ஒவ்வொரு பெயரும் அந்தப் பிள்ளையின் முழுப்பெயரின் முதலெழுத்துகள். மட்கலத் தொழிலுக்கான ஆங்கிலச் சொல்லின் நடுவிலேயே தம் பெயரைச் செருகி (Pot-Ohr-E) பலகை எழுதினார். உலகிலேயே ஈடு இணையற்ற கலைக் குயவர் என்று இன்னொரு பலகை. எனக்கு மிகப் பிடித்தது வேறு: “இந்தக் குயவன் சாவதற்குள், அல்லது பெயரெடுப்பதற்குள், பிலாக்சியின் நினைவாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.” ரயிலேறி வடக்கிலிருந்து கடற்கரைக்கு வந்த உல்லாசப் பயணிகள் இதற்காகவே அவர் கடைக்குள் எட்டிப்பார்த்தார்கள். உள்ளே அவர் சக்கரத்தில் அமர்ந்து வித்தை காட்டினார். பூந்தொட்டி, தண்ணீர்ச் சாடி, புகைபோக்கிக் குழாய், கழுதைத் தலை வடிவ மைக்கூடு, குடிக்கப்போனால் மேலே ஊற்றிக்கொள்ளும் துளையிட்ட புதிர்க் குவளை என்று விற்றுக் குடும்பத்தை நடத்தினார். அதாவது ‘பைத்தியக்காரக் குயவர்’ என்பது கடையின் விளம்பரம். நம் ஊர்த் திருவிழாக் கடைக்காரர் வேடிக்கை பேசிக் கூட்டம் சேர்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. விளம்பரத்தை நம்பி அந்த மனிதரின் கைத்தொழிலையும் பைத்தியத்தில் சேர்த்துவிடுவதுதான் தவறு.

மெருகு, அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு, பற்றியும் ஒரு சொல். ஈயம் கலந்த மெருகில் அவர் செய்த சோதனைகள் எளிதில் வகைப்படுத்த முடியாதவை. ஒரே குவளையின் ஒரு பக்கம் துப்பாக்கி உலோகம்போல் கருத்திருக்க, மறு பக்கம் இளஞ்சிவப்பும் பச்சையும் திட்டுத்திட்டாக வழியும். அன்றைய வாடிக்கையாளர்களுக்கு மெருகு பிடித்தது, வடிவம் பிடிக்கவில்லை. ‘நிறம் அழகு, உருவம்தான் கோணல்’ என்பது போன்ற பேச்சு அவர் காதில் ஓயாமல் விழுந்திருக்க வேண்டும். 1903 வாக்கிலிருந்து அவர் எடுத்த முடிவு எவ்வளவு துணிச்சலானது என்பது இந்தப் பின்னணியில்தான் புரியும்: மெருகையே விட்டுவிட்டார். மண்ணின் நிறம் அப்படியே தெரிய, ஒருமுறை மட்டும் சுட்ட கலங்களைச் செய்யத் தொடங்கினார். கடவுள் ஆன்மாக்களுக்கு நிறம் வைக்கவில்லை, எனவே தாமும் தம் பானைகளுக்கு நிறம் வைக்கப்போவதில்லை என்ற பொருளில் காரணம் சொன்னார். வேதாந்தம்போல் ஒலித்தாலும் தொழில்முறையில் அது ஒரு சவால். மெருகு பல குற்றங்களை மறைக்கும். மடிப்பில் விழுந்த மயிர்க் கீறலை நிரப்பும். விரல் வழுக்கிய இடத்தைப் பளபளப்பால் மூடும். மெருகில்லாத பானையில் எதுவும் ஒளியாது. இரண்டு மண்களைக் கலந்து வனைந்து, அவற்றின் வரிகள் முறுக்கோடு சேர்ந்து சுழல்வதைக் காட்டும் கலங்களும் இந்தக் காலத்தவை. தவறுகளைக் கலையென்று விற்பவர், தவறை மறைக்கும் ஒரே திரையைத் தாமாகவே கழற்றி எறிவாரா?

அவர் காலத்தில் அவரை யாரும் மதிக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவதும் முழு உண்மையாகாது. அமெரிக்க மட்கல வரலாற்றை எழுதிய எட்வின் பார்பர் அவரைப் பொருட்படுத்தி எழுதினார். 1901-ல் ஒரு வணிக இதழ் ஓர் தம் வாழ்க்கையைத் தாமே சொல்லும் கட்டுரையை வெளியிட்டது. 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது; ஆனால் அங்கே கொண்டுபோன கலங்களில் ஒன்றுகூட விற்கவில்லை என்கிறார்கள். விற்காததற்கு வாங்குவோரின் ரசனைக் குறைவு மட்டும் காரணமில்லை. கசங்கிய குவளை ஒன்றுக்கு அவர் 25 டாலர் வரை கேட்டார். அந்நாளில் அது சிறு தொகையன்று. யாராவது உண்மையிலேயே வாங்கிக்கொண்டு போனால் தெருவில் பின்னாலேயே ஓடி, திருப்பித் தந்துவிடும்படி மன்றாடுவார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு மெய்யோ, முழுத் தொகுதியையும் பிரிக்காமல் ஒரே இடத்தில், முடிந்தால் நாட்டின் அருங்காட்சியகத்தில், சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது மெய். அவர் விற்காமல் வைத்திருந்ததால்தான் இன்று நாம் பேச ஏதோ மிஞ்சியிருக்கிறது.

1910 வாக்கில் அவர் பட்டறையை மூடினார். அதே இடத்தில் பிள்ளைகள் மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புக் கடை வைத்தார்கள். ஏறத்தாழ ஏழாயிரம் கலங்கள் பெட்டிகளில் உறங்கின. 1918-ல் தொண்டைப் புற்றுநோயால் ஓர் இறந்த பிறகும் அரை நூற்றாண்டு அவை அப்படியே கிடந்தன. 1960-களின் இறுதியில் பழைய கார்களின் உதிரிபாகம் தேடிப் பிலாக்சிக்கு வந்த நியூஜெர்சிப் பழம்பொருள் வணிகர் ஜேம்ஸ் கார்பென்டரிடம், அப்பாவின் பானைகளைப் பார்க்கிறீர்களா என்று மகன்களில் ஒருவர் கேட்க, கதை திரும்பியது. பல ஆண்டு பேரத்துக்குப் பின் 1972-ல் மொத்தத்தையும் ஏறத்தாழ 50,000 டாலருக்கு அவர் வாங்கினார் என்று சொல்லப்படுகிறது. ‘குப்பையில் கண்டெடுத்த புதையல்’ என்று தங்கள் கட்டுரை இதை வருணிக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தொழிற்கூடத்தின் எண்ணெய்க்கும் இரும்புக்கும் நடுவில், முட்டை ஓடு கனத்தில் இருந்த ஆயிரக்கணக்கான பானைகளை உடையாமல் வைத்திருந்த அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வருணனை நியாயம் செய்யவில்லை.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் இந்தக் கலங்களைச் சேகரித்தார். இன்னொரு அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1983-ல் தீட்டிய ஓவியங்களில் ஓருடைய குவளைகள் இடம்பெற்றன. ஒரு கலத்தின் விலை பல்லாயிரம் டாலருக்கு ஏறியது. விலை ஏறியதோடு ஒரு விபரீதமும் சேர்ந்தது. மெருகிட்ட ஓர் கலங்களுக்கே சந்தையில் மதிப்பு என்பதால், அவர் வேண்டுமென்றே மெருகில்லாமல் விட்ட கலங்களுக்கு யாரோ பிற்காலத்தில் மெருகு பூசிச் சுட்டு விற்றிருக்கிறார்கள். வல்லுநர்கள் இன்றும் அவற்றை இனம்பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். குயவர் செத்து அரை நூற்றாண்டு கழித்தும் ‘நிறம் அழகு’ என்ற பழைய வாடிக்கையாளரே வென்றுவிட்டார்.

இன்னொரு திருத்தம். ஓர் ‘நவீன மட்கலக் கலையின் தந்தை’ என்று கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அச்சாகியிருந்தது. தந்தை என்றால் பிள்ளைகள் வேண்டும். சக்கரத்தில் வனைந்த வடிவங்களைக் கீறியும் கிழித்தும் அடுக்கியும் புதுவழி கண்ட அமெரிக்க மட்கலக் கலைஞர் பீட்டர் வோல்கஸ் 1950-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த வேலையைத் தொடங்கியபோது ஓருடைய கலங்கள் பெட்டிக்குள் இருந்தன. வோல்கஸோ அவருடைய மாணவர்களோ ஓரைப் பார்த்துக் கற்றவர்கள் இல்லை. ஓர் முந்தியவர், அவரிடமிருந்து யாரும் வரவில்லை. குரு மேயர் மூலம் அவருக்கு ஒரு மரபு வந்தது, அது அவரோடு முடிந்தது. மகன்கள்கூடக் கார் பழுதுபார்க்கத்தான் போனார்கள். இதைச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. அரை நூற்றாண்டு இடைவெளியில் இருவர் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. சக்கரம் என்ற கருவியே, சீரான உருண்டையைத் தவிர வேறொன்றையும் தராது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த அந்தக் கருவியே, இருவரையும் அங்கே கொண்டுபோயிருக்கிறது.

பிலாக்சியில் இன்று ஓர்–ஓகீஃப் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்தது. முறுக்கிய உருக்குக் கூடுகள் முதிய ஓக் மரங்களுக்கு நடுவில் நிற்கின்றன. கட்டிக்கொண்டிருந்தபோதே, 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் ஒரு சூதாட்ட விடுதியின் மிதவைக் கப்பலைக் கடலிலிருந்து தூக்கி அதன்மேல் எறிந்தது. மீண்டும் கட்டி 2010 நவம்பரில் திறந்தார்கள். பிலாக்சியில் தீக்கும் புயலுக்கும் தப்பி ஒன்று முதல் தடவையிலேயே நிலைப்பது அரிது போலும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தவறிய பானைகள் என்ற அந்த வரிக்கு ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட்டால் மகிழ்வேன். அதோடு, கட்டுரையில் அச்சிட்ட படம் பக்கத்தின் பாதியை நிறைத்திருந்ததால், என் பேரன் அதைப் பார்த்துவிட்டு நெல் கொட்டும் குதிர் அளவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஓருடைய கலங்களில் பெரும்பாலானவை உள்ளங்கையில் நிற்கும் அளவே. இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது அவற்றின் கீழே உயரத்தைச் சென்டிமீட்டரில் குறித்துவிடுங்கள். அவ்வளவு சிறிய வாய்க்குள் இரண்டு விரல்தான் நுழையும் என்பதும், அந்த இரண்டு விரலால்தான் உள்மடிப்பு முழுவதும் தாங்கப்பட்டது என்பதும் படிப்பவர்களுக்கு அப்போது தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மட்கலத் தொழில் ஆசிரியர்,
விருத்தாசலம்.